எழுபத்தாறு ஓரங்கள்

கூடத்தின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பவுனு டைல்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் நாலடி நீளம், இரண்டடி அகலம். மழைக்கு முந்திய வானத்தின் சாம்பல் நிறம், அதற்குள் வெள்ளை நரம்பு, ஆங்காங்கே துருப் பிடித்தாற்போல் ஒரு பழுப்புக் கீற்று. தடவினால் பாறையைப் போலவே லேசாகச் சொரசொரத்தது. ஆனால் பாறை இல்லை. மண்ணையும் கல்லையும் அரைத்து, அழுத்தி, மேலே கல்லின் படத்தை அச்சடித்துச் சூளையில் சுட்டது. அச்சடித்தது என்பதால் எத்தனை பெட்டி வந்து இறங்கினாலும் படங்கள் ஒன்பதுதான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஒரே படம் இரண்டு அடுத்தடுத்து விழுந்துவிட்டால் தரையின் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஒட்டுவதற்கு முன்னால் மொத்தத் தரையையும் வெறுமே பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் காகித டேப்பில் எண் எழுத வேண்டும். அது பவுனுவின் வேலை. டில்லியில் டைல் வேலைக்கு வரும் பெண்கள் சாந்து கலப்பார்கள், இடுக்குக்குச் சிமெண்டுப் பால் பூசுவார்கள். படம் பார்த்து அடுக்கக் கண் வேண்டும். அந்தக் கண் அவளுக்கு இருந்தது. ஒன்பது படங்களுக்கும் அவளாகப் பெயர் வைத்திருந்தாள். மின்னல், ஏரிக்கரை, நண்டு, ஒத்தையடிப் பாதை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பது போலிருந்த ஒன்றுக்குப் புருஷனின் அத்தை பெயரை வைத்தாள்.

"மாமா, ஜன்னலோரம் பாரு. ரெண்டு செல்லம்மா ஒண்ணா உக்காந்துருக்கு."

புருஷன் குணா சுவரோரம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் இருந்தான். "ஒரு செல்லம்மாவயே குடும்பத்துல வச்சு சமாளிக்க முடியல. ஒண்ணத் தூக்கி அந்தாண்ட போடு" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் நிற்காமல், எழுந்து சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றான். பவுனு அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தால் அவனுக்குப் பிடிக்காது. கையிலிருந்த டைலின் மேல் எண்ணை எழுதுவதுபோல் குனிந்துகொண்டு, அவன் மூச்சு திரும்பி வருவதை முதுகால் கேட்டாள்.

இருமல் போன வருஷம் ஆரம்பித்தது. முதலில் டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதில் சிறுநீர் சிவப்பாகப் போனதே தவிர இருமல் போகவில்லை. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவர்களைவிடச் சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி நெஞ்சுப் படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, என்ன வேலை பார்க்கிறாய் என்று இந்தியில் கேட்டாள். டைல் அறுக்கிறேன் என்றதும் படத்தை மேசைமேல் வைத்துவிட்டாள். கல் தூள் நுரையீரலில் போய் உட்கார்ந்து தழும்பாகிவிட்டது. தழும்பை எடுக்க மருந்து கிடையாது. இனிமேல் தூசி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நாம கல்லு வேலையே பாக்கறதில்லையே மாமா. கல்லு மாதிரி டைலுதான. அந்தம்மா ஆளு மாறிச் சொல்லிடுச்சோ என்னமோ" என்றாள் பவுனு. மறுநாள் வேலையிடத்தில் உடைந்த துண்டு ஒன்றை எடுத்து அவளிடம் காட்டினான். மேலே நகக்கண் அளவுக்குப் படம். மற்றதெல்லாம் வெளேரென்று, கெட்டியாக, உப்புக்கட்டியைப்போல. "மேலதான் மாதிரி. உள்ள அதே கல்லுதான்" என்றான்.

அன்றிலிருந்து பவுனு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். டைலை வெட்ட இரண்டு விதம் உண்டு. தண்டவாளம்போல் ஒரு கருவி இருக்கிறது. சின்னச் சக்கரத்தை ஓட்டிக் கோடு கீறி, கைப்பிடியை அழுத்தினால் பப்படம்போல் ஒடியும். தூசியே வராது. நேர்க்கோட்டுக்கு மட்டும்தான் அது உதவும். மற்றதற்கெல்லாம் மின்சாரத்தில் சுற்றும் கிரைண்டர். அது கடித்த இடத்திலிருந்து மைதாவைப்போல் வெள்ளைப் புகை எழுந்து அரைமணி நேரம் அறையில் நிற்கும். அதனால் அடுக்கும்போதே பவுனு முதல் வரிசையை ஒரு கையகலம் தள்ளிப் போடுவாள். வாசற்கால் பக்கம் முழு டைல் வரும், ஒடிக்க வேண்டியதெல்லாம் நேராகச் சுவரடியில் போய் விழும். அறுபது கிரைண்டர் வெட்டு விழ வேண்டிய கூடத்தை ஏழு வெட்டில் முடித்திருக்கிறாள். பார்க்கிறவர்களுக்கு அது தரை. அவளுக்கு அது குணா இழுக்காமல் மிச்சமான மூச்சு.

டில்லியின் துவாரகாப் பகுதியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கான்ட்ராக்டர் சேட்டுவிடம் அவள் பேசியிருந்தாள். சேட்டு அவர்கள் ஊர்ப்பக்கத்து ஆள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் சித்தாளாக வந்து, இப்போது சொந்தமாக டைல் கிடங்கு வைத்திருக்கிறான். அங்கே சாவி வைத்துக்கொண்டு, வருகிற பெட்டியை எண்ணி வாங்கும் பெரியவர் தையோடு ஊருக்குப் போகிறார். அந்த நாற்காலி குணாவுக்கு என்று சேட்டு ஒத்துக்கொண்டான். "ஆனா இந்த வீட்ட எனக்கு முடிச்சுக் குடுத்துரணும்க்கா. பெரிய எடம். நாளைக்கி இதக் காட்டித்தான் பத்து வீடு புடிக்கணும்" என்றான். கிரைண்டர் வேலை இருக்காது, மூலைகளுக்கெல்லாம் அலுமினியப் பட்டை வைத்து மூடிக்கொள்ளலாம் என்பதும் பேச்சு. பவுனு சரி என்றாள். உட்கார்ந்து பார்க்கும் வேலை, தூசி இல்லாத அறை, மதன்கீரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டிலிருந்து ஒரே பஸ். ஒன்பதாவது மாடிக்கு லிஃப்டில் ஏறும்போதெல்லாம் அவளுக்கு அந்த நாற்காலி கண்ணில் தெரிந்தது.

வேலை தொடங்கிய நாலாவது நாள் தடை வந்தது. வருஷா வருஷம் வருவதுதான். காற்று கெட்டுப் போய் எதிர்க் கட்டடம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அரசாங்கம் டில்லி முழுக்கக் கட்டட வேலையை நிறுத்தச் சொல்லும், டைல் அறுப்பதும் அதில் சேர்த்தி. கூலி ஆட்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வீட்டில் உட்கார முடியாது. கிருகப்பிரவேசம் கார்த்திகை இருபத்தேழு. அதை விட்டால் மார்கழி பிறந்துவிடும், பால் காய்ச்ச ஆகாது. தை வரைக்கும் காத்திருக்கலாம் என்றால் வெளிநாட்டிலிருந்து வரும் மகனுக்குப் பத்து நாள்தான் விடுப்பு. சேட்டு கீழே காவலாளியிடம் தச்சு வேலை மட்டும் நடக்கிறது என்று சொல்லிவைத்தான். ஜன்னல், பால்கனிக் கதவு, குளியலறைக் காற்றாடி ஓட்டை எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் தாளை விரித்து, சுற்றிலும் பழுப்பு டேப்பால் ஒட்டினார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியக் கூடாது. தூசி அடங்கத் தண்ணீர் விட்டு எதையும் அறுக்கவும் கூடாது. அப்படி ஒரு தரம் செய்ததில் சேறு போய் எட்டாவது மாடிக் குழாய் அடைத்துப் புகாராகிவிட்டது. ஊரின் காற்றைக் காப்பாற்ற ஒன்பதாவது மாடி வீடு வாயை மூடிக்கொண்டது.

பவுனு டைல் பரப்பிக்கொண்டிருந்த அன்று பதினொரு மணிக்கு வீட்டுக்கார அம்மா அம்சவேணி வந்தாள். அறுபது வயசு. கோயம்புத்தூர்ப் பக்கம். புருஷன் பாலசுப்ரமணியம் மத்திய அரசில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வரும்போதெல்லாம் பிளாஸ்கில் காப்பியும் எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவருவாள். பேப்பர் கப்பில் கொடுக்க மாட்டாள். அதற்காகவே பவுனுவுக்கு அவளைப் பிடிக்கும். பல வீட்டு வேலைகளில் தண்ணீர் கேட்டால் கீழே போய்க் குடி என்றவர்களைப் பார்த்தவள். இரண்டு நாளைக்கு முன்னால் அம்சவேணி தன் வீட்டிலிருந்து காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தைக் கூடக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்தாள். காற்றிலிருக்கும் தூசியின் அளவு அதில் சிவப்பாக 999 என்று நின்றது. அதற்கு மேல் காட்ட அதில் இடமில்லை.

"சாப்டியா கண்ணு? குணா, நீ உக்காரு, எந்திரிக்காத." காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைச் சுற்றி வந்தாள். அவள் முகம் மலர்ந்தது. "அச்சு அசல் கல்லுதான் போ. ஒரு டைலாட்டம் இன்னொண்ணு இல்லயே." பிறகு தூணருகில் நின்றாள். காலையில் குணா முதல் தூணுக்கு டைல் ஒட்டி, மூலையில் அலுமினியப் பட்டை வைத்திருந்தான். அம்சவேணி குனிந்து அதை விரலால் தடவினாள்.

"இதென்ன கண்ணு பட்டை?"

"மூலைக்கும்மா. டைலோட ஓரம் வெள்ளையாத் தெரியும். அத மூடறதுக்கு."

"ஓரம் தெரியல. பட்டை தெரியுதே." அவள் குரலில் கோபமில்லை. "முப்பத்தஞ்சு வருசம் குவார்ட்டர்ஸ்ல இருந்தேன். ஒரு ஆணி அடிக்கோணும்னா ஆபீஸ்ல எழுதிக் கேக்கோணும். என்ற வீடுன்னு இது ஒண்ணுதான். நெசக் கல்லு போட்டா எண்ணெ, மஞ்சளெல்லாம் குடிச்சுப்போடும், வெளக்கு வெக்க முடியாதுன்னாங்க. செரின்னு இதுக்கு ஒத்துக்கிட்டேன். பாக்கறதுக்காச்சும் கல்லா இருக்கோணுமல்ல?"

சேட்டுவைக் கூப்பிட்டார்கள். அவன் வந்து தூணைப் பார்த்தான், அம்சவேணியின் முகத்தைப் பார்த்தான், பவுனுவைப் பார்க்கவில்லை. "ஆயிடும் மேடம். ரெண்டு ஓரத்தையும் சாய்ச்சு அறுத்துச் சேத்துட்டா முழுக் கல்லாட்டமே இருக்கும். நரம்புகூட மூல திரும்பிப் போவும்" என்றான். சாய்ச்சு அறுப்பது என்றால் கிரைண்டர். ஓரம் முழுக்க நாற்பத்தைந்து டிகிரியில், படத்துக்கு ஒரு நூல் கீழே வரைக்கும் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அதைவிடத் தூசி கிளப்பும் வேலை டைலில் வேறில்லை. பவுனுவின் கண் தானாக வீட்டைச் சுற்றியது. இரண்டு தூண், பூஜை மேடை, சமையலறை நடுமேசை, ஐந்து ஜன்னல். முப்பத்தெட்டு மூலை. மூலைக்கு இரண்டு ஓரம். எழுபத்தாறு.

"அவருக்கு முடியாதும்மா" என்றாள். நாலு வருஷமாகச் சேட்டுவிடம்கூட இந்தக் குரலில் அவள் பேசியதில்லை. "நெஞ்சுல தூசி அடச்சிருக்குது. இனிமே ஒரு பொட்டுகூட உள்ள போவக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அம்சவேணியின் முகம் உண்மையாகவே வாடிவிட்டது. டைல் பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். "ஏன் சேட்டு, என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லல? இந்த மனுசன வெச்சா வேல வாங்கிட்டிருந்தோம்?" சேட்டு தலையைச் சொறிந்தான். தடை நேரத்தில் வெளி ஆளைக் கூப்பிட்டால் விஷயம் கீழே போய்விடும் என்று முனகினான். அம்சவேணி புருஷனுக்குப் போன் செய்தாள். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி அவர் குரல் வந்தது: பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, மகன் சிவகுமார் டிக்கெட் எடுத்துவிட்டான், கிருகப்பிரவேச நாளை மாற்றுகிற பேச்சே வேண்டாம். அம்சவேணி போனை மடியில் வைத்தாள். குணாவைப் பார்த்தாள். அப்புறம் பவுனுவைப் பார்த்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"நீயே அறுத்தா என்ன கண்ணு? உனக்குக் கை தெரியுமல்ல?"

"தெரியும்மா."

"அப்பறமென்ன. அவனுக்கு ரெஸ்ட் குடு. நீதான் நல்லாருக்கியே."

அந்த நிமிஷம் பவுனுவுக்குத் தோன்றியது நன்றிதான். இருபது வருஷத்தில் ஒரு வீட்டுக்காரர்கூடக் குணாவை உட்கார் என்று சொன்னதில்லை. இந்தம்மா சொன்னாள், அவனுக்காக முகம் வாடினாள். சேட்டுவும் உடனே, "அக்கா பொறுமையா அறுக்கும் மேடம், ஒரு சில்லு தெறிக்காது. குணா அண்ணன் தையில கிடங்குக்கு வந்துருவாரு" என்று எல்லாவற்றையும் முடித்து வைத்தான். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த வாக்கியம் திரும்ப வந்தது. நீதான் நல்லாருக்கியே. தலைமுழுகி எழுந்தபின் காதில் நிற்கும் தண்ணீரைப்போல அது போகாமல் நின்றது.

மறுநாள் அம்சவேணி பெட்டி நிறைய முகமூடி கொடுத்தனுப்பியிருந்தாள். குளிர்காலத்தில் அவள் நடைக்குப் போகும்போது போடுகிற நல்ல முகமூடி. அறுப்பதற்கு வேலைக்காரர் குளியலறையை ஒழித்திருந்தார்கள். ஆளுயரம், ஆள் நீளம், வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. சத்தமும் தூசியும் அதற்குள்ளேயே நின்றுகொள்ளும். கிரைண்டரின் வயரை இழுத்துக்கொண்டு உள்ளே போன பவுனுவின் கையிலிருந்து குணா அதை வாங்கினான்.

"நான் அறுக்கறேன். ரெண்டு நாளுதான."

"உட்டுடு மாமா. டாக்டரம்மா உனக்குச் சொன்னது ஞாபகமில்லியா?"

"உனக்குத் தனியா வந்து சொல்லணுமா? ரெண்டும் ஒரே தூளுதான்."

"உனக்கு இருவது வருசம். எனக்கு ரெண்டே நாளு."

குணா வயரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "எனக்கும் மொதல்ல ரெண்டு நாளாத்தான் இருந்துச்சு" என்றான். "கல்யாணத்துக்கு முன்னாடி. மேஸ்திரி ஊருக்குப் போயிருக்கான், வர்ற வரைக்கும் அறுத்துக் குடுடான்னாங்க."

அவள் இதற்கு முன் அதைக் கேட்டதில்லை. அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டினாள். கல்யாணமான புதிதில் சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்ததும் தலையிலிருந்து வெள்ளைத் தூசியை முந்தானையால் தட்டிவிடுவாள். தட்டும்போது அவன் வேண்டுமென்றே தலையை உலுக்கி அவள் மேல் தூவுவான். இருவரும் சிரிப்பார்கள். மாவு மில்லில் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டி மாதிரி இருக்கிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். அந்த நினைவைக்கூட இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நினைக்க வேண்டியிருந்தது.

"போயிடலாமா பவுனு?" என்றான் குணா. "கிடங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"போயி?"

நாளைக்கு இந்த வீட்டை விட்டுவிட்டுப் போனால் நாளன்றைக்கு வேறு ஒரு வீட்டில் வேறு ஒரு மேஸ்திரி இவன் கையில் கிரைண்டரைக் கொடுப்பான் என்பது இருவருக்கும் தெரியும். நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, அதற்குப் போகும் வழி இந்தக் குளியலறைக்குள் போகிறது. பவுனு அவன் விரல்களைப் பிரித்து வயரை எடுத்துக்கொண்டாள். ஒரு முகமூடிக்கு மேல் இன்னொன்றைப் போட்டு, அதற்குமேல் துண்டைக் கட்டினாள். "நீ கோடு போட்டுக் குடு. நரம்பு மூலையில சேரணும், பாத்துக்க. ஏரிக்கரைக்கு மின்னலக் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிளேடு தொட்டதும் வீல் என்ற சத்தம் நாலு சுவரிலும் மோதிப் பல்லுக்குள் இறங்கியது. மூன்றாவது ஓரம் முடியும்போது எதிர்ச்சுவர் தெரியவில்லை. பல்பு தூரத்து வண்டி விளக்கைப்போல மஞ்சளாக மிதந்தது. துண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தூசி புகுந்து உதட்டில் ஒட்டியது. ருசியே இல்லை அதற்கு. மண்ணுக்கு இருக்கும் ருசிகூட இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அறுத்து, இயந்திரத்தை நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, தரையோரம் ஒரு வாய் இழுத்துக்கொண்டு மறுபடி அறுத்தாள். தூண் அளவுக்கு முன்பே ஒடித்துவைத்த துண்டுகள். அறுத்ததைக் கதவிடுக்கு வழியாக வெளியே கொடுப்பாள். குணா வாங்கிக்கொண்டு அடுத்ததைக் கையில் வைப்பான். கதவை ஒரு சாணுக்கு மேல் திறப்பதில்லை. கூடத்துக்குத் தூசி வந்தால் வருவது அவன் மேல்.

பன்னிரண்டாவது ஓரத்தைக் கொடுத்துவிட்டு இடுக்கில் பார்த்தாள். குணா இரண்டு ஓரங்களிலும் பசை தடவி, தூணின் மூலையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். பிதுங்கியதைத் துணியால் துடைத்ததும் வெள்ளை நரம்பு ஒரு பக்கத்திலிருந்து வந்து, மூலையில் எங்கும் அறுபடாமல், மறுபக்கம் திரும்பி ஓடியது. இணைப்பு தெரியவில்லை. மலையிலிருந்து ஒரே துண்டாக வெட்டி நிறுத்தியது போல் நின்றது தூண். பவுனுவால் அதை அழகில்லை என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த டைலுக்காக இடுக்கு வழியே கையை நீட்டினாள். முழங்கைவரை மாவாகியிருந்த கை. வெளியே இருந்த குளிர் விரல்களில் பட்டது. உள்ளங்கையில் கனம் வந்து இறங்கவில்லை. அவள் இன்னும் சற்று நீட்டினாள்.

குணா தூணடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான். பென்சில் கோடு போட்ட டைல் மடியில் இருந்தது. அதன் இரண்டு ஓரங்களையும் இரண்டு கைகளால் பற்றிக்கொண்டு, கதவிடுக்கில் தெரிந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா" என்றாள், துண்டுக்குள்ளிருந்து.

அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் கையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. விரித்த விரல்களுக்கு நடுவிலிருந்து தூள் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, சாம்பல் நிறத் தரையில் வெள்ளையாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தது.